இடுக்கில் விட்ட கை

பழைய சோபா ஒன்று கடையில் வந்து இறங்கினால் மெத்தைக்காரர் முதலில் செய்யும் காரியம், உட்காரும் மெத்தைக்கும் சாயும் முதுகுக்கும் நடுவே உள்ள இடுக்கில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவது. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இடுக்கில் கிடைப்பது பழுது பார்ப்பவருக்கு என்பது எழுதாத ஒப்பந்தம். நகை கிடைத்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சீப்பு, பேனா, பொம்மையின் கால், ரிமோட் மூடி எல்லாம் அவருடையது. ஒருமுறை முழுப் பல்செட் ஒன்று கிடைத்தது. அதன் சொந்தக்காரர் கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றபோது, கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றி மரியாதையாகக் கொடுத்தனுப்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை அடக்கி வைத்திருந்து பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில், நான் வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடி கோணலாகப் போய்விட்டது.

நான் பக்கத்துக் கடை. படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்ணாடி பொருத்திக் கொடுக்கிறேன். எங்கள் கடைகளுக்கு நடுவில் இருப்பது சுவர் அல்ல, பலகைத் தடுப்பு. கடைக்குப் பின்னால் இரண்டு அறையில்தான் அவர்கள் குடித்தனம். அங்கே தும்மினால் இங்கே எனக்கு மூக்கு அரிக்கும். அவர் மனைவி கடையிலேயே மெஷின் போட்டு உறை தைப்பாள். தையலும் சுத்தியலும் பேச்சுமாக நாள் முழுக்க அந்தப் பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. காதைக் கழற்றி வைத்துவிட்டா கண்ணாடி வெட்ட முடியும்?

அன்றைக்கு வந்தது ஒரு தங்கும் விடுதியில் கழித்துப்போட்ட நீள சோபா. வழக்கம்போலக் கையை விட்டார். "ஸ்..." என்று இழுத்தார். நடுவிரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். உள்ளிருந்து குறட்டால் பிடித்து வெளியே எடுத்தது ஒரு ஊசிபோடும் சிரிஞ்ச். முனை வளைந்து, குழாயெல்லாம் தூசி படிந்து, எந்தக் காலத்தில் யார் போட்டதோ.

மனைவி உடனே மெஷினை விட்டு எழுந்து அவர் விரலைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பதறவில்லை. காய்ந்துபோன பழைய ஊசி, எச்.ஐ.வி. வர வழியே இல்லை என்று சொல்லலாம் என்றார். தடுப்பூசி ஏதோ போட்டார். மனசு கேட்காவிட்டால் மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் சந்தேகமே வேண்டாம் என்றார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அன்று மெத்தைக்காரர் எனக்கு டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, மகளைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பொடிசு மேலே உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையாட்டியது. ஆபத்து கழிந்தது என்று நானும் நினைத்தேன்.

கழியவில்லை. ஒரு வாரமோ என்னவோ, தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது.

"ஏம்மா, ரத்தம் எடுத்த எடத்துல பேர மாத்தி ஒட்டியிருக்க மாட்டாங்களே?"

"மாத்தி ஒட்ட அன்னிக்கு யாரு இருந்தா? நீங்களும் மாசமா இருந்த ஒரு பொண்ணும்தான் இருந்தீங்க. உங்களுக்குப் புள்ள உண்டாயிருக்குன்னு சீட்டு வந்திருந்தா நம்பலாம், மாறிப்போச்சுன்னு."

அவர் சிரிக்கவில்லை. வேறு ஒரு இடத்தில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் முகம் தெளிந்திருந்தது. பிறகு, ரத்தம் பார்க்கிற அந்த மெஷின் பழசாக இருந்தால்? தன் உடம்பில் மட்டும் அது மெதுவாக வெளியே தெரியும் வகையாக இருந்தால்? மூன்றாவது இடம், நாலாவது இடம். போய்வந்தால் முதலில் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தார், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் வீட்டு வாசல் வரை.

வாயில் புண் வந்தால் அதுதான். வாயில் புண் வராமல் என்ன செய்யும்? மெத்தைக்காரர்கள் ஒரு பிடி பொடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, எடுத்து அடிப்பவர்கள். மீந்த ஆணியைத் திரும்ப டப்பாவில் துப்புவார்கள். இவர் இத்தனை வருஷமாக வாய்ப்புண்ணோடுதான் இருந்தார், அப்போதெல்லாம் அதற்குப் பெயர் வாய்ப்புண். வேர்த்தால் அதுதான். வெயில் காலத்தில் கரண்ட் போன நேரத்தில் ஊரே வேர்த்துக் கிடக்கிறது, இவருக்கு மட்டும் அது நோய். என் கடையில் இருக்கிற கண்ணாடியெல்லாம் விற்கத்தான் வைத்திருக்கிறேன். அவர் வந்து ஒவ்வொன்றிலும் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போவார். எனக்குக் கோபம் கோபமாக வரும். கோபம் வந்த சூட்டிலேயே அழுகையும் வரும்.

வீட்டுக்குள் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு. தைக்கிற வளைந்த ஊசிகளில் தன்னுடையதற்குச் சிவப்பு நூல் கட்டிவைத்தார். தான் வாயில் போட்டு மீந்த ஆணிகளை மனைவி புழங்கும் டப்பாவில் துப்புவதில்லை. தனியே ஒரு பையில் துப்பிக் கட்டிப்போட ஆரம்பித்தார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பொடிசைத் தூக்குவதை நிறுத்தினார். அவர் விரலில் எப்போதும் ஏதாவது ஒரு கீறல் இருக்கும், அந்த வேலை அப்படி. அந்தக் கையால் பிள்ளையைத் தொடமாட்டாராம். ஓடிவந்து காலைக் கட்டினால் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் பொடிசு என் கடைக்கு வந்து, கீழே கிடந்த அட்டைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டது. "பெரியப்பா, எங்கப்பாவுக்கு என்னப் புடிக்காதா?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபுடிச்சேன்."

நான் என்ன சொல்ல? உனக்கு மிட்டாய் வேணுமா என்று கேட்டேன். கையாலாகாதவர்கள் கேட்கிற கேள்வி அது. அதற்குப் பிறகு அது அவர் காலைக் கட்டப் போவதையும் விட்டுவிட்டது.

அதை அவள் கவனித்துவிட்டாள், மெத்தைக்காரர் மனைவி. மறுநாள் காலையில் அவர் வெளியூரில் பெரிய பரிசோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது, போய்வருகிறேன் என்று சட்டையை மாட்டியபோது மெஷின் சத்தம் நின்றது.

"போக வேண்டாம்."

"இதுதான் கடைசி."

"போன தடவையும் இதுதான் கடைசி. அதுக்கு முந்தினதும் கடைசி. எத்தன கடைசி இருக்கும் உங்களுக்கு?"

"நீ ஒரு வார்த்த சொல்லு, நான் போகல. ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"காலையில பல்லு வெளக்கும்போது சொன்னேன். டீ குடிக்கும்போது சொன்னேன். இப்பவும் சொன்னா சாயங்காலம் கேக்க மாட்டீங்களா?"

செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன்" என்றாள். "மொதல்ல பார்த்தோமே, அங்க. இதுக்குன்னே பேசறதுக்கு ஒரு அம்மா இருக்காங்களாம். ரத்தம் எடுக்க மாட்டாங்க. பேசுவாங்க. இன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"எனக்கு என்ன பைத்தியமா?"

"பைத்தியம்னா விட்டுட்டு என் அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். உங்களுக்குப் பயம். பயந்தவரோட குடும்பம் நடத்தலாம். ஆனா எம்புள்ள அவங்கப்பா முன்னாடி ஒதுங்கி நடக்கறதப் பார்த்துக்கிட்டு நடத்த முடியாது." பிறகு தடுப்பைத் தட்டினாள். "அண்ணே, கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? நீங்களும் கெளம்புங்க. இவரு பாதி வழியில எறங்கி ஓடினா புடிக்க ஆள் வேணும்."

கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

அந்த அறை சின்னது. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி. அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும், குரல் கொஞ்சம் கரகரப்பு. நான் வெளியே இருக்கிறேன் என்றேன். மெத்தைக்காரர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் எல்லாம் சொல்லி முடிக்கும் வரை அந்த அம்மா குறுக்கே பேசவே இல்லை.

"தட்டு, தம்ளர், தொடறது, இதுலெல்லாம் பரவாதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"டெஸ்ட்ல இல்லன்னா இல்லன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியும். தெரிஞ்சும் உள்ள ஒண்ணு கேக்குது மேடம்."

"என்ன கேக்குது?"

"ஒருவேளை இருந்துட்டா? அப்படின்னு."

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "எனக்கு இருக்கு சார்."

மேசைமேல் இருந்த மெத்தைக்காரர் கை சட்டென்று மடிக்குப் போனது. அவராக இழுக்கவில்லை, அது தானாகப் போனது. போனதைப் பார்த்து அவரே திடுக்கிட்டார். அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவால்ல, இருக்கட்டும். எனக்குப் பழக்கந்தான்" என்றார் அந்த அம்மா. "தெனம் மாத்திரை போடறேன். வேலைக்கு வரேன். எம்பொண்ணு என் பக்கத்துலதான் படுக்கும், தூக்கத்துல ஒதைக்கும். அதுக்கு ஒண்ணும் இல்ல. கிருமி இருக்கற நான் எம்புள்ளயோட ஒதை வாங்கிக்கிட்டு இருக்கேன். இல்லாத நீங்க தனித் தட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. வெக்கப்படுத்தறதுக்குச் சொல்லல. ஒருவேளை இருந்தாலும் வாழ்க்கை முடிஞ்சு போகாதுன்னு நீங்க கண்ணால பார்க்கணும். அதுக்குத்தான் சொன்னேன்."

மெத்தைக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார்.

"இப்ப வேலயப் பேசுவோம். உங்களுக்குள்ள ஒண்ணு கேள்வி கேக்குதுல்ல, அதுக்குப் பதில் சொல்றத நிறுத்தணும். டெஸ்ட் ஒரு பதில். கண்ணாடில நாக்கப் பார்க்கறது ஒரு பதில். உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொல்லச் சொல்றது ஒரு பதில். பதில் கெடைக்கக் கெடைக்க அது இன்னும் கேக்கும்." மனைவியைப் பார்த்துத் திரும்பினார். "நீங்களும்மா. இனிமே சொல்லாதீங்க."

"சொல்லாம இருந்தா கஷ்டப்படுவாரே."

"படுவாரு. கூட இருங்க. ஆனா சொல்லாதீங்க."

"பயம் எப்ப மேடம் போகும்?" என்று கேட்டார் அவர்.

"தெரியாது. போனப்புறம் புள்ளயத் தூக்கலாம்னு காத்திருந்தா அது பெரிசாகிக் கல்யாணமாகிப் போயிடும். பயம் இருக்கும்போதே தூக்கணும். வாராவாரம் வாங்க. தனித் தட்டு, தனித் துண்டுன்னு நீங்க பண்ணிக்கிட்ட காபந்துல வாரம் ஒண்ண விடுங்க. எத விடறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

திரும்பி வந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மொதல்ல தம்ளர்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மனைவி குடித்த தம்ளரிலேயே டீயை வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தார். சுத்தியலைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாகச் சத்தம் கேட்டது. பிறகு அடிக்க ஆரம்பித்தார். அன்று அடித்த அடியில் அந்த சோபா பேரன் காலம் வரைக்கும் அசையாது.

அடுத்து துண்டு. அடுத்து, ஊசிகளில் கட்டியிருந்த சிவப்பு நூலை மனைவி கண்ணெதிரே ஒவ்வொன்றாக அறுத்துப்போட்டார். என் கடைக்கு வந்தால் கண்ணாடிகளுக்கு முதுகு காட்டி உட்காருவார். அந்த அம்மா சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். அவர் கேட்பார், "ஏம்மா, ஒண்ணும்..." அவள் மெஷினை ஓட்டிக்கொண்டே, "அந்தப் பச்சை ரெக்சின எடுங்க" என்பாள். ஒருமுறை அவர், "கல்நெஞ்சுடி உனக்கு" என்று கத்தினார். "ஆமா, அதயும் சேர்த்து எடுங்க" என்றாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் தையல் கோணிக்கொண்டு போனதை மறுநாள் அவள் பிரித்துத் தைக்கும்போது பார்த்தேன். அவளுக்கும் எளிதாக இல்லை.

எல்லாவற்றையும் விட்டார், இரண்டைத் தவிர. ஒன்று பொடிசைத் தூக்குவது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். இன்னொன்று யாருக்கும் தெரியாது. துப்பிய ஆணிகளை டப்பாவில் போடுகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, பழையபடி பையில் துப்பி, தன் கடையில் பழைய சோபாச் சட்டங்கள் சாத்தியிருக்கும் மூலையில் ஒளித்து வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் மனைவி தைத்த உறைகளைக் கொடுக்க வெளியே போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பொடிசு பொம்மைக்குச் சட்டை தைக்கத் துணித்துண்டு தேடி மூலையைக் குடைந்திருக்கிறது. பையை இழுத்திருக்கிறது. ஆணி குத்திக் குத்தி நைந்திருந்த பை பிய்ந்து கொட்டிவிட்டது. எனக்குக் கேட்டது ஒரு வீறல்தான். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தது. குதிகாலில் ஒரு ஆணி அதன் தலை வரை இறங்கியிருந்தது. சுற்றிலும் தரையெங்கும் ஆணி. அவர் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார். ஆணிகளைப் பார்த்தார், பிய்ந்த பையைப் பார்த்தார். எல்லாம் அவர் வாயில் போட்டுத் துப்பிய ஆணிகள். அவர் கட்டைவிரலில் காலையில் சட்டம் கீறிய காயம் வேறு இன்னும் ஈரமாக இருந்தது. எதற்காக இத்தனை மாதம் பிள்ளையைத் தொடாமல் இருந்தாரோ, அது அவர் செய்த காபந்தாலேயே வந்து பிள்ளையின் காலில் ஏறியிருந்தது.

"அண்ணே, நீங்க எடுங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

நான் குனிந்தேன். பொடிசு காலை இழுத்துக்கொண்டது. "பெரியப்பா வேணாம்!" என்று கத்தியது. அப்பா வேண்டும் என்று சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்மேல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த மாதிரி, தன் காலைத் தானே பிடித்துக்கொண்டு அழுதது.

அவரும் அதைப் பார்த்தார்.

"தள்ளுங்கண்ணே" என்றார்.

சுத்தியலைக் கீழே வைத்தார். ஆணிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு மண்டியிட்டு, அந்தக் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். "அப்பாவப் பாரு. ஆணியப் பார்க்காத. அப்பா எத்தன ஆணி புடுங்கியிருக்கேன், நாற்காலி எதுவாச்சும் அழுதிருக்கா?" என்றார். அது அழுகைக்கு நடுவில், "நாற்காலிக்கு வாயே இல்ல" என்றது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆணித் தலையை நக நுனியில் பிடித்து நேராக ஒரே இழுப்பு. ரத்தம் வந்தது. கையில் கிடைத்த சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடித்து, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தெருமுனையில் இருக்கிற டாக்டரிடம் நடந்தோம். பொடிசின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பின்னால். பாதி தூரத்தில் அவர் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, உள்ள கத்துது. அந்த ஆணி என் வாயில கெடந்தது, என் கையில காயம்னு கத்துது."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது, ஒண்ணும் ஆகாது என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கத்தட்டும்" என்றார். நடையைக் கூட்டினார்.

டாக்டர் காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டார். ஊசி போடும்போது பொடிசு அப்பாவின் கழுத்தை நெரிப்பதுபோலக் கட்டிக்கொண்டது. விஷயம் கேள்விப்பட்டு அவர் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்து கதவருகே நின்றாள். மகள் அவர் மடியில் இருப்பதைப் பார்த்தாள். அவர் விரல் காயத்தையும் பார்த்தாள். உள்ளே வரவில்லை.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். என்ன கேட்கப் போகிறார் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ரத்தம் எடுக்க வேண்டுமா, எப்போது எடுக்க வேண்டும், எந்த இடத்தில் எடுத்தால் சரியாகச் சொல்வார்கள். இந்த முறை அவருக்காக அல்ல, பிள்ளைக்காக. அதை ஆரம்பித்துவிட்டால் முடிவு கிடையாது. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கதவருகே அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார்" என்றார். "வெள்ளிக்கிழமை இவளுக்கு ஸ்கூல்ல ஓட்டப்பந்தயம் இருக்கு. ஓடலாமா?"

"ஐயையோ, கூடவே கூடாது. பத்து நாளாவது கால ஊன்றி ஓடக்கூடாது."

பொடிசுக்கு அதுவரை இல்லாத அழுகை அப்போதுதான் வந்தது. ஆணி ஏறியபோதுகூட அப்படி அழவில்லை. "நீ ஏம்ப்பா கேட்ட? கேக்காம இருந்தா நான் ஓடியிருப்பேன்ல? நீ ஏன் கேட்ட?" என்று அவர் மார்பில் இரண்டு கையாலும் குத்தியது.

"தப்புதான்டி. இனிமே கேக்கல" என்றார்.

கதவருகே நின்றவள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. பொடிசு கோபம் தீராமல் அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தது. அவர் அதை இறக்கிவிடாமல், கட்டுப்போட்ட காலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.